வேர்கள் திரும்பிய இடம்

கதவைத் தள்ளித் திறந்து, கையை எடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றக் குனிந்தாள் மூத்தவள். நிமிர்ந்து பார்த்தால் கதவு அவள் விட்ட இடத்தில் இல்லை. உள்ளேயிருந்து யாரோ விரல் நுனியால் பிடித்து இழுத்ததுபோல் அது சத்தமில்லாமல் நகர்ந்து, சுவரோரம் போய்ச் சாய்ந்திருந்தது.

கதவுகள் அப்படி நகர்வதுண்டு. நிலைச்சட்டம் ஓர் இம்மி சாய்ந்தால் போதும். கட்டடங்களுக்கு வரும் நோவைப் பார்த்துச் சொல்வதே பிழைப்பாகிவிட்ட இன்ஜினியர் அவள். நகரும் கதவைக் கண்டு மிரளும் வயதைத் தாண்டி வெகுநாளாகிறது. ஆனால் உள்ளே நடந்தபோது படுக்கையறைக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருப்பது தெரிந்தது. சமையலறைக் கதவைக் கயிறு போட்டு ஆணியில் கட்டியிருந்தார்கள். பின்கட்டுக் கதவை அரிசி டின் ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது. அவள் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தாள். கதவு கிளம்பியது. செங்கல்லைக் காலால் ஒதுக்கினாள். அதுவும் கிளம்பியது. வெவ்வேறு சுவர்களில் வெவ்வேறு திசை பார்த்து மாட்டிய கதவுகள் எல்லாம், வீட்டின் நட்டநடுவில் இருந்த அறையைப் பார்த்தே போயின.

இறங்குகிற வீடு ஒரு பக்கமாகத்தான் இறங்கும். எல்லாச் சுவரும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்த்துக் குனியாது.

"என்ன அண்ணி, வந்ததும் வராததுமா கதவோட விளையாட்டு?" என்று கேட்டபடி தங்கையின் கணவர் வந்தார். கடைத்தெருவில் மருந்துக் கடை வைத்திருப்பவர். சிரித்த முகம்தான், ஆனால் அந்தச் சிரிப்பைத் தூக்கி நிறுத்த அவர் படும் பாடு கண்ணுக்குக் கீழே கருப்பாகத் தெரிந்தது.

"அவ எங்க மாப்பிள்ளை?"

"நடு ரூம்லதான். வேற எங்க இருப்பா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "முதல்ல மரத்தைப் பாத்துடுங்க. வெளிச்சம் இருக்கும்போதே."

அவளை வரவழைத்தது அந்த மரத்துக்காகத்தான். பின்புறம் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது, குடை விரித்த பெரிய தூங்குமூஞ்சி மரம். வீட்டில் விரிசல் விழ ஆரம்பித்ததும் மாப்பிள்ளை அதன் மேல் பழியைப் போட்டார். வெட்டுவதற்கு நகராட்சி அனுமதி வேண்டும். மரத்தால்தான் வீடு இறங்குகிறது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னால்தான் அனுமதி கிடைக்கும். மனைவியின் அக்காவே விவரம் தெரிந்தவளாக இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது? ஆனால் மூத்தவள் அதற்காக மட்டும் வரவில்லை. தினமும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் ஃபோன் செய்து உயிரை எடுக்கும் தங்கை, சில வாரங்களாக ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

மழைக்காலம் நன்றாகக் கூடியிருந்தது. அன்று காலை வரை பெய்து ஓய்ந்த வானம் ஈரத் துணிபோல் தாழ்ந்து தொங்கியது. முற்றத்துப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நின்றது. மதில் முழுக்கப் பாசி. அவள் சுவரைச் சுற்றி நடந்து, விரிசல்களில் விரல் நுனியை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"மரம் எப்படி வீட்டை இறக்கும்னு தெரியுமா மாப்பிள்ளை? வேர் வந்து அஸ்திவாரக் கடைக்காலை முட்டித் தள்ளும்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. அது எப்பவாவது நடக்குறது. நிஜத்துல மரம் தண்ணிதான் குடிக்குது. களிமண்ணுல இருக்கற ஈரத்தை உறிஞ்சிடும். ஈரம் போனா மண் சுருங்கும். மண் சுருங்குனா மேல உக்காந்திருக்கற சுவர் கூடவே இறங்கும்."

"அதத்தானே நானும் சொல்றேன்!"

"இருங்க. மழை பெஞ்சா மண் ஊறி உப்பும். விரிசல் மூடிக்கும். இது கோடையில வாய் பிளந்து, மழையில வாய் மூடற விஷயம்."

சொல்லிக்கொண்டே அவள் விரலை வெளியே எடுத்தாள். நகக்கண்ணில் மாவுபோல் காரைத் தூள். புதிதாக உடைந்த விளிம்பு, இன்னும் அழுக்குக்கூட ஏறவில்லை. இந்த விரிசல் மூடவில்லை; இத்தனை மழையிலும் அகலமாகிக்கொண்டிருந்தது. அதுவும் மரத்தின் பக்கம் இருக்கும் சுவரில் மயிரிழை அளவுக்குத்தான் விரிசல். எதிர்ப்பக்கம், மரத்துக்கு எட்டாத தூரத்தில், உள்ளங்கை நுழையும்போல் கிடந்தது.

அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மதில் பக்கக் கிளைகளில் இலை அடர்த்தியாக இருந்தது. வீட்டுப் பக்கக் கிளைகள் எல்லாம் மொட்டை. மழைக்காலத்தின் நடுவில், பச்சையே இல்லாமல், எலும்பும் தோலுமாக. அடிமரமே வீட்டுக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருந்தது, பிடிக்காத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் தோளைத் திருப்பிக்கொள்வோமே, அதுபோல.

அவளுக்கு அந்த நினைப்பே பிடிக்கவில்லை. மரத்துக்கு ஏது தோள்?

கூடவே வந்திருந்த ஆளைக் கூப்பிட்டாள். கிணறு வெட்டிப் பேர் வாங்கியதால் கிணத்தார் என்றே எல்லாருக்கும் பழகிப்போனவர். அவள் போகும் வேலைகளுக்கெல்லாம் சோதனைக் குழி தோண்டித் தருபவர். "அண்ணே, சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு குழி போடுங்க. கடைக்காலோட அடி தெரியணும். வேர் எதுவரைக்கும் போயிருக்குன்னு பார்ப்போம்."

"போட்டுட்டாப் போச்சு மேடம்," என்று கிணத்தார் மண்வெட்டியை எடுத்தார்.

அவள் தங்கையைப் பார்க்க உள்ளே போனாள்.

நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடியிலிருந்து மழை மேகத்தின் மங்கல் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கையின் தையல் மெஷின் அங்கேதான் இருந்தது. ரவிக்கையும் சட்டையும் தைத்துக் கொடுத்து அவளும் அந்த அறையுமாகவே வாழ்ந்தவள். இப்போது மெஷினில் தூசி. வெட்டிய துணி வெட்டியபடியே கிடந்தது. இளையவள் தரையில் பக்கவாட்டில் படுத்து, ஒரு காதை ஓடு பதித்த தரையில் அழுத்தி வைத்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடம்.

அறையில் ஒரு வாசனை அடித்தது. வெகுநாள் பூட்டிய பெட்டியைத் திறந்தால் வருமே, அது. ஈரமே இல்லாத வாசனை.

"என்னடி பாப்பா, ஃபோனையே காணோம்?"

"பேசுனா கேக்காதுக்கா."

"எனக்கா?"

"எனக்கு." இளையவள் எழுந்து உட்கார்ந்தாள். உதடுகள் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தன. குடத்தைத் தூக்கி அப்படியே வாயில் கவிழ்த்துக் குடித்தாள். தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்தில் இறங்கியது. "பேசிட்டே இருந்தா கீழ கேக்காது."

"கீழ என்ன இருக்கு?"

"குடிக்குதுல்ல. அந்தச் சத்தம்."

மூத்தவள் சிரிக்கப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரர் மரத்தைப் பத்திச் சொல்லிச் சொல்லி உனக்கும் பிடிச்சுக்கிச்சா? மரம் குடிக்கறது நம்ம காதுக்கெல்லாம் கேக்காதுடி."

"மரம் இல்லக்கா." இளையவள் பொறுமையாகச் சொன்னாள், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல். "மரத்துக்கு வாய் கிடையாதே."

மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று கண்ணைக் காட்டினார். வெளியே வந்ததும் கிசுகிசுத்தார்: "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு அண்ணி. சர்க்கரை இல்லை, ஒண்ணும் இல்லை. குடம் குடமாக் குடிக்கிறா, தாகம் தீரல. எங்க வீட்டுக்கு வாடீன்னு நீங்களாவது கூட்டிட்டுப் போங்க. வெளிய எங்கயாவது போலாம்னு நான் கூப்பிட்டா, 'நான் போயிட்டா அது யார்கிட்ட கேக்கும்?'ங்கறா."

இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று மூத்தவள் அப்போதே முடிவு செய்தாள். வேலை முடிந்ததும். இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை வைத்துத் தரைமட்டம் பார்த்தாள். ஒரு முனையை மாப்பிள்ளை வாசலில் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அவள் அறை அறையாக நடந்தாள். முன்கூடம் கொஞ்சம் தாழ்வு. படுக்கையறை இன்னும் கொஞ்சம். சமையலறை, மரத்துக்குப் பக்கத்தில் இருந்தும், ஏறக்குறையச் சரி. நடு அறையில் குழாய்த் தண்ணீர் சரசரவென்று ஏறி அவள் விரலைத் தாண்டியது. தரை தாம்பாளம்போல் குழிந்திருந்தது. இத்தனை இறக்கத்தில் ஓடுகள் நொறுங்கியிருக்க வேண்டும். ஒன்றுகூட உடையவில்லை. மாவை அழுத்தினால் குழிவதுபோல் குழிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். ஓட்டுத் தரை மழைநாளில் ஜில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக, உலர்ந்து, சொரசொரப்பாக இருந்தது. கைக்கு அடியில் ஏதோ மெல்ல இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. தெருவில் லாரி போகிறது என்று நினைத்துக்கொண்டாள். காதைத் தீட்டிக் கேட்டாள். தெருவில் எதுவும் போகவில்லை.

"மேடம்!" கிணத்தார் வெளியிலிருந்து கூப்பிட்டார். "இதைக் கொஞ்சம் வந்து பாருங்க."

குழி இடுப்பளவு இறங்கியிருந்தது. மேல்மண் சேறாக மண்வெட்டியில் ஒட்டிக் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே நிறமே மாறியிருந்தது. வெளிறிய, சாம்பல் பூத்த மண். கைப்பிடி அள்ளினால் விரலிடுக்கில் புகைபோல் ஒழுகியது. இத்தனை நாள் மழை இந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அல்லது இறங்கியது எதுவும் இங்கே தங்கவில்லை.

"வேரைப் பாருங்க." கிணத்தார் காட்டினார். தொடை பருமன் வேர் ஒன்று மரத்திலிருந்து சுவரை நோக்கி வந்தது. கடைக்காலுக்கு ஒரு முழம் இருக்கும்போது வளைந்து, வந்த வழியே திரும்பிப் போனது. அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் திரும்பியது. சின்ன வேர்கள், சல்லி வேர்கள், எல்லாம் அந்த இடம் வந்ததும் கொக்கிபோல் மடங்கி ஓடியிருந்தன.

"கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுச்சு," என்றார் கிணத்தார். தன் பகடிக்குத் தானே முதலில் சிரிப்பவர், இம்முறை சிரிக்கவில்லை. "திரும்பாததும் ஒண்ணு இருக்கு."

கடைக்காலுக்கு அடியில் நுழைந்திருந்த வேர் ஒன்றின் துண்டை அவள் கையில் வைத்தார். கை பருமன். ஆனால் கனமே இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் இரு முனையையும் பிடித்ததும் முட்டை ஓடுபோல் நொறுங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. நாரில்லை, சாறில்லை. பட்டை மட்டும் வேரின் உருவத்தில் நின்றுகொண்டிருந்தது.

பூச்சி தின்றிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் தூசியைப் பார்த்தாள். நொறுங்கிய வேரின் தூள் கீழே விழவில்லை. மேலே பறக்கவும் இல்லை. மெல்லிய நூலாகத் திரண்டு, கடைக்காலுக்கு அடியில் கருப்பாகத் தெரிந்த இடுக்கை நோக்கிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. இடையில் ஒரு கணம் நின்றது. மறுபடி போனது.

"காத்து இழுக்குது," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "பழைய கிணறு ஏதாவது இருக்கும்ணே. சரியாத் தூர்க்காம மேல வீட்டைக் கட்டியிருப்பாங்க. மரத்து மேல தப்பே இல்லை."

"எத்தனையோ பழங்கிணத்தைத் தோண்டியிருக்கேன் மேடம். அது மூச்சு விடும். கெட்ட காத்து மேல வரும்." கிணத்தார் குழியிலிருந்து ஏறி வெளியே வந்தார். "இப்படி உள்ள இழுக்காது."

அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணம் தெரிந்துவிட்டால் பயம் அடங்கும். தொழிலில் அவள் கற்றது அதுதான். தண்ணீர் விட்டுப் பார்க்கலாம் என்றாள். பள்ளம் எவ்வளவு பெரிது, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். மாப்பிள்ளை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் தோட்டத்து ஹோஸைச் செருகினார். அவள் குழிக்குள் குனிந்து மறுமுனையை இடுக்கில் நுழைத்தாள். விரல்கள் உள்ளே போன அந்த நொடியில் நுனிகள் விறுவிறுத்துச் சுருங்கின, சோப்புத் தண்ணீரில் வெகுநேரம் ஊறியதுபோல். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"திறங்க."

தண்ணீர் போனது. இடுக்கின் வாயில் ஈரம்கூடப் படியவில்லை. மூவரும் குழியைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகத்துக்குப் பின்னால் பொழுது சாய ஆரம்பித்தது; மரத்தில் மிச்சமிருந்த இலைகள் ஒவ்வொரு ஜோடியாக மடங்கிக்கொண்டன. பக்கத்து வீடுகளில் பாத்திரம் உருளும் சத்தம், எங்கோ ஒரு நாய், மோட்டார் ஓடும் இரைச்சல். அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில் வேறொன்று கேட்டது.

மடக்.

சாதாரண சத்தம். தாகத்தோடு இருப்பவர் முதல் வாய் விழுங்கும் சத்தம்.

மடக். மடக்.

கிணத்தார் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

உள்ளேயிருந்து இளையவளின் குரல் வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது அந்தக் குரல். "அக்கா, கேக்குதா? இப்பக் கேக்குதா உனக்கு?"

"மூடுங்க மாப்பிள்ளை. குழாயை மூடுங்க!"

மூடத் தேவையிருக்கவில்லை. மாடியில் தொட்டி ஒருமுறை முனகியது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆனால் விழுங்கும் சத்தம் நிற்கவில்லை. ஹோஸ் மெல்ல மெல்லத் தட்டையாகி, நாடாபோல் ஒட்டிக்கொண்டது. மேலே பிளாஸ்டிக் தொட்டி உள்பக்கமாக நசுங்கும் சத்தம் படபடவென்று கேட்டது. ஹோஸ் குழிக்குள் நகர ஆரம்பித்தது. ஒரு சாண். இன்னொரு சாண். கிணத்தார் அதைப் பிடித்து இழுத்தார். அவர் கால்கள் சேற்றில் வழுக்கின. குழாய் முனையிலிருந்து அது பிய்த்துக்கொண்டு, அவர் உள்ளங்கையைச் சிராய்த்து, சாரைப்பாம்பு பொந்துக்குள் போவதுபோல் இடுக்கில் போய் மறைந்தது.

பிறகு முற்றத்தில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் அசைந்தது.

ஒவ்வொரு பள்ளமாக. மேட்டில் கிடந்ததும், தாழ்வில் கிடந்ததும். சிறு சிறு நாக்குகளாக நீண்டு குழியைப் பார்த்து வந்தது.

"மேடம், வீட்டுல இருக்கறவங்களை வெளிய கூப்பிடுங்க," என்றார் கிணத்தார். குரல் உடைந்திருந்தது. "இப்பவே கூப்பிடுங்க!"

அவள் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் மாப்பிள்ளை மனைவியைக் கூவி அழைத்துக்கொண்டே வந்தார். சமையலறையில் திறந்திருந்த பைப் வாய் காற்றை உள்ளே இழுத்துச் சீறியது. ஜன்னலில் இருந்த பூந்தொட்டியில் செடி அவள் தாண்டிப் போகும் அந்த நேரத்துக்குள் வதங்கித் தொங்கியது. அவள் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்கள் எரிந்தன. இமைத்தால் மணல்.

நடு அறை வாசல்.

தரை இல்லை. இருந்தது, ஆனால் கீழே. பெரிய சட்டிபோல் இறங்கி, விளிம்புகள் வாசலோடு ஒட்டியபடியே, அடியில் இருளாகக் குழிந்து கிடந்தது. ஓடுகள் அப்போதும் உடையவில்லை. தையல் மெஷின் சரிந்து அடியில் போய்க் கவிழ்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இளையவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பயப்படவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன்க்கா நிறுத்தினீங்க?"

"கையைக் குடுடி!"

"இத்தனை நாளா சும்மா நாக்கை நனைச்சுட்டு இருந்துச்சு. இப்பதான் வாய் நிறையக் குடிச்சுது." இளையவள் யோசித்தாள். "பாதியில நிறுத்தினா யாருக்குத்தான் தாங்கும்?"

"பாப்பா! கையைக் குடு!"

மூத்தவள் வாசற்படியில் குப்புற விழுந்து கையை நீட்டினாள். மாப்பிள்ளை அவள் கணுக்கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சரிந்தாள். இளையவள் எழுந்து நின்றாள். நின்றதும் அவள் பாதங்கள் ஓடுகளுக்குள் அமிழ்ந்தன, ஈரமண்ணில் அமிழ்வதுபோல், கணுக்கால் வரை. அப்போதுதான் அந்த முகத்தில் முதன்முதலாக ஏதோ புரிந்தது.

"அக்கா."

"இதோ. பிடிச்சுட்டேன்."

பிடித்துவிட்டாள். விரலோடு விரல் கோத்து, மணிக்கட்டைப் பிடித்து, முழு பலத்தோடு இழுத்தாள். பின்னால் மாப்பிள்ளை அழுதுகொண்டே இழுத்தார். இளையவள் அசையவில்லை. முழங்கால் வரை தரை விழுங்கியிருந்தது.

"விட்டுடாதக்கா."

"விட மாட்டேன்."

"அக்கா, தண்ணி..."

மடக்.

இம்முறை சத்தம் காதில் கேட்கவில்லை. கையில் தெரிந்தது. தங்கையின் மணிக்கட்டுக்குள், தோலுக்கு அடியில், ஏதோ வழிந்து இறங்கியது.

மடக்.

கை இளைத்தது. வளையல்கள் முழங்கையைத் தாண்டித் தோள்வரை சரிந்து விழுந்தன. மூத்தவள் பிடியை இறுக்கினாள். இறுக்க இறுக்க விரல்கள் உள்ளே போயின. தோல் காகிதமாகச் சரசரத்தது. கனம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பஞ்சு மூட்டை. சருகு மூட்டை.

"அண்ணி! வருதா? லேசாயிடுச்சே, வருதா அண்ணி?" மாப்பிள்ளை பின்னாலிருந்து நம்பிக்கையோடு கத்தினார்.

மூத்தவளின் வாய் திறந்தது, குரலுக்கு ஈரம் இல்லை.

மேலே கூரைக் கண்ணாடியில் மழை மறுபடி தொடங்கியது. சடசடவென்று கொட்டியது. அந்த மங்கலில் கீழே தங்கையின் முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டி, உதடு பல்லைவிட்டு ஏறி, பார்க்கப் பார்க்கச் சின்னதாகிக்கொண்டு. கண்கள் மட்டும் அக்காவை விட்டு அசையவில்லை. அவை இமைக்கப் பார்த்தன. இமைகள் பாதி இறங்கி, உலர்ந்து, அங்கேயே நின்றன.

அவற்றுக்குள்ளிருந்து இளையவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.